நான்கால் பெருக்கிய நாடி

டாக்டர் சபாநாயகம் எழுதிக்கொடுத்த மாத்திரையை மூன்று மாதம் விழுங்கியதில் மஹ்பூபாவின் ஒற்றைத் தலைவலி ஓடியேவிட்டது. கூடவே நாடியும் கிளம்பிவிடும்போலிருந்தது. போன மாதம் ஐம்பத்திரண்டு. போன வாரம் முப்பத்தாறு.

டாக்டர் முழு நிமிடம் நாடி பார்ப்பவரல்ல. சுவரில் ஏழு சான்றிதழ்களுக்குச் சட்டம் போட்டு மாட்டியவருக்கு (ஒன்று அவர் வளர்த்த ரோஜாவுக்குக் கிடைத்தது) அது மரியாதைக் குறைவு. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவார்.

அன்று எண்ணியதில் ஒன்றுமே வரவில்லை. பூஜ்யத்தை நான்கால் பெருக்கிப் பார்த்தார். கைக்கடிகாரத்தை உதறிவிட்டு மறுபடி எண்ணினார்.

"தலைவலி இருக்காம்மா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?" என்று சீட்டில் எழுபத்திரண்டு என எழுதினார்.

கணவன் ஷவுகத் அலி தயங்கினான். "மாத்திரைய நிறுத்திட்டா சார்?"

"நிறுத்து. மறுபடி செவுத்துல முட்டிக்கிட்டு நிக்கட்டும்."

அவன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பஸ்ஸில் அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தான். கை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

"விடுங்க, எல்லாரும் பாக்குறாங்கோ," என்று சிரித்தாள்.

பூந்தமல்லியில் பஸ் புறப்படும்போது ஒரு துடிப்பு வந்தது. பிறகு டிக்கெட் வாங்கினார்கள். ஜன்னலோரம் வெயில் மாறியது. பாரிவாக்கத்தில் பஸ் நின்றது.

"இன்னா பாய், எறங்கலியா?" என்றார் கண்டக்டர்.

ஷவுகத் அலி விரலை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இரு அண்ணாத்தே," என்றாள் மஹ்பூபா. "ரெண்டாவது இன்னும் வர்ல."