சீனி தூக்கலா ஒரு தே

"உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா, இல்லையா அண்ணே?"

லோகேஸ்வரி போட்ட சத்தத்தில், ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

கடைக்காரர் மீரா சாகிப் நிமிரவில்லை. ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குத் தேநீரை இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, காலையிலேயே?"

"எங்கப்பாவுக்குத் தெனம் எத்தனை தே குடுக்கறீங்க?"

"நாலு. சில நாள் அஞ்சு."

"அவருக்கு இனிப்புநீர் வியாதின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஜெலுத்தோங் ஊருக்கே தெரியும்."

அவள் அப்பா அய்யாக்கண்ணுவுக்கு இடது கண் எப்போதோ போய்விட்டது. இருக்கிற வலது கண்ணில் புரை. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். இரண்டு தடவையும் பச்சை அங்கி மாட்டி, புருவத்துக்கு மேலே பேனாவால் அம்புக்குறி போட்டு, கடைசியில் விரலில் ஊசி குத்திப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் தடவை சீனி பதினாறு. இரண்டாம் தடவை பதினெட்டு. பத்துக்குக் கீழே இறங்கினால்தான் கத்தி வைப்பார்களாம்.

மூன்றாவது தேதிக்கு இன்னும் ஒரு மாதம். இதையும் கோட்டைவிட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதுவரைக்கும் அய்யாக்கண்ணு இருட்டில்தான் கிடக்க வேண்டும். ஏற்கனவே ஃபிளாட் படியில் ஒரு தடவை உருண்டாயிற்று.

லோகேஸ்வரி வீட்டில் சீனி டப்பாவை ஒளித்தாள். அவர் கடைக்குப் போனார். கதவைப் பூட்டினாள். அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் திறக்கவைத்துக் கடைக்குப் போனார்.

"இனிமே கேட்டா இல்லைன்னு சொல்லுங்க அண்ணே."

"கடைக்கு வந்த ஆளுக்குத் தே இல்லைன்னு சொல்றதா? எங்க வாப்பா காலத்திலேருந்து அந்தப் பழக்கம் இல்லை."

"கண்ணு போனாலும் பரவாயில்லையா?"

"அது டாக்டர் வேலை. தள்ளி நில்லு தங்கச்சி, மேல கொட்டிரப் போகுது."

அந்த நேரம் பார்த்து அய்யாக்கண்ணுவே சுவரைத் தடவிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"மீரா, ஒரு தே! யாருடா அங்க சத்தம் போடறது, என் மகளா? அவ கெடக்கா, நீ போடு."

மீரா சாகிப் தெருமுனை வரை கேட்கிறாற்போல் கூவினார். "அய்யாக்கண்ணு அண்ணனுக்கு ஒரு தே தாரிக்! சீனி தூக்கலா!"

லோகேஸ்வரி பாயான் லெப்பாஸ் போகிற ஃபேக்டரி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்தக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

மூன்றாவது தேதியும் வந்தது. பச்சை அங்கி. அம்புக்குறி. ஊசி.

நர்ஸ் மிஸ்ஸி மிஷினைப் பார்த்தாள். துடைத்தாள். இன்னொரு விரலில் குத்தினாள்.

"ஏழு!"

"ஏழா?" என்றாள் லோகேஸ்வரி.

"நல்லாக் குறைஞ்சிருக்கே! என்ன சாப்பிட்டீங்க அங்கிள்?"

"தே. தெனம் நாலு கிளாஸ். எழுதிக்கோ."

அரை மணி நேரத்தில் ஆபரேஷன் முடிந்தது.

மறுநாள், கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "வெளிய போகக் கூடாதுன்னுட்டாங்க. நீ போய் மீரா கடையில ஒரு தே வாங்கிட்டு வா லா" என்றார்.

வேறு வழியில்லை. போனாள்.

"அப்பாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. கட்டிக் குடுங்க."

"ஆபரேஷன் ஆயிருச்சா தங்கச்சி?"

"ஆயிருச்சு. உங்க புண்ணியத்துல இல்ல."

மீரா சாகிப் தலையை ஆட்டிக்கொண்டே பிளாஸ்டிக் பையில் ஊற்றி இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். இரண்டடி நடந்தவள், தாகத்தில் ஒன்றில் உறிஞ்சியைச் செருகி ஒரு வாய் இழுத்தாள். முகம் கோணிப்போயிற்று. திரும்பி வந்தாள்.

"இதுல சீனியே இல்லையே அண்ணே! கஷாயம் மாதிரி இருக்கு!"

மீரா சாகிப் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"மெதுவாப் பேசு லா! அது உன்னோடது இல்ல. அப்பாவோடது."

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலேருந்து திருப்பி அனுப்பினாங்கல்ல? மறுநாளே குறைக்க ஆரம்பிச்சேன். ஒரேயடியா நிறுத்தினா கண்டுபிடிச்சிருவாரு. நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சேன். அப்புறம் இனிப்புக் கட்டிப்பாலை எடுத்துட்டு இனிக்காத பால் ஊத்தினேன். கூவுறதை மட்டும் குறைக்கலை."

"அன்னிக்கு நான் அத்தனை பேர் முன்னால அவ்வளவு பேசினேனே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே!"

"எதுக்கு? நீ பேசினது நல்லதாப் போச்சு. அவரும் நம்பிட்டாரு. தயவுசெஞ்சு சொல்லிறாத தங்கச்சி. தெரிஞ்சா எதிர்க்கடைக்குப் போயிருவாரு."

லோகேஸ்வரி வீட்டுக்கு வந்தாள். பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். அய்யாக்கண்ணு நிதானமாக உறிஞ்சினார். பாதி காலியாயிற்று.

அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இனிப்பு சரியா இருக்காப்பா?"

மூடியின் ஓட்டை வழியாக மகளைப் பார்த்தார் அய்யாக்கண்ணு.

"உனக்கும் தெரிஞ்சுபோச்சா?"

"அப்பா! உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத வாரமே. கண்ணுதானே போச்சு, நாக்குமா போச்சு?"

"அப்புறம் ஏன்பா இந்தக் கசப்பைக் குடிச்சீங்க? எதிர்க்கடைக்குப் போயிருக்கலாமே!"

அய்யாக்கண்ணு மிச்சத்தையும் ஒரே இழுப்பில் இழுத்து முடித்தார்.

"எப்படிப் போறது? பாவம், அவ்வளவு கஷ்டப்பட்டு ஏமாத்தறான். நீ போய் அவன்கிட்ட உளறிவைக்காதே, மனசு ஒடிஞ்சிருவான்."