புதன்கிழமை வரிசை

சுகாதார நிலையத்தின் புதன்கிழமைத் தடுப்பூசி வரிசையில், இடுப்பில் குழந்தையோடு நின்ற தாய்மார்களுக்கு நடுவே கோமளவல்லி வெறுங்கையோடு நின்றாள்.

"குழந்தை எங்கம்மா?" என்று நர்ஸ் கேட்டார்.

"நான்தான்" என்று ரவிக்கைக் கையை மேலேற்றினாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரத்தப் புற்றுநோய்க்காக அண்ணன் மாசிலாமணியின் எலும்பு மஜ்ஜையை ஏற்றியதிலிருந்து, சின்ன வயதில் போட்ட ஊசிகளையெல்லாம் அவள் உடம்பு மறந்துவிட்டிருந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டாக வேண்டும்.

பைக்கில் கூட்டிவந்த அண்ணன் பின்னாலேயே நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உன் உடம்புல ஓடுறது என் ரத்தம்டி. அதோட அந்த ஜெயசீலனைக் கட்டிக்கிட்டு அவன் தெருவுக்கா வாழப்போற? விட்டுருவேனா?" என்றான்.

"உன் ரத்தம்தான்ணே. யாரு இல்லேன்னா?" அவள் திரும்பவில்லை. "வெள்ளையணு ஒவ்வொண்ணு மேலயும் கை மாதிரி இருக்குதாம். எதிர்ல வர்றதைத் தொட்டுப் பாத்து, நம்மாளா வேத்தாளான்னு அதுதான் முடிவு பண்ணுமாம். டாக்டர் சொன்னாரு. அந்தக் கை உன் உடம்புல முளைக்கல. எனக்குள்ள வந்துதான் முளைச்சுது. யாரு வேத்தாளுன்னு எங்கிட்டதான் படிச்சுது."

மாசிலாமணி வாயைத் திறப்பதற்குள் ஊசி இறங்கிவிட்டது. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. கோமளவல்லி கண்ணை இமைக்கவில்லை.

பஞ்சை அழுத்தியபடி நர்ஸ் சொன்னார்: "ராத்திரி காய்ச்சல் வரும். உடம்பு எதிர்த்து நிக்கப் பழகுதுன்னு அர்த்தம். பயந்துடாதீங்க."

அவள் இப்போதுதான் திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

"வரட்டும்."