ஊசியில் இரண்டு சீட்டுகள்

தடாலென்று ஏதோ விழுந்தது. அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவுத் தலைவர் அடித்துப் பிடித்து ஓடினார். பருந்து அந்துப்பூச்சிகள் இருந்த இழுப்பறை தரையில் கிடந்தது. பூச்சிகள் ஊசியால் குத்திவைத்த இடத்திலேயே இருந்தன.

"நான் தொடவே இல்ல சார்," என்றாள் ஆராய்ச்சி மாணவி.

"பூச்சியே இழுத்துப் போட்டுச்சாக்கும்!"

அவள் சிரிக்கவில்லை. அவர் மலையில் பிடித்ததாக எழுதியிருந்த இனத்தைத் தேடி இரண்டு மழைக்காலம் அங்கே விளக்குக் கட்டி உட்கார்ந்து, வெறுங்கையோடு திரும்பியவள். "எனக்குக் கிடைச்சது உனக்குக் கிடைக்கலன்னா கோளாறு உன் கண்ணுல," என்று எல்லார் எதிரிலும் சொல்லியிருந்தார். நாளையோடு அவளுடைய ஆராய்ச்சியை நிறுத்தப் போகிறார்கள்.

ஊரில் தெருவிளக்குக்குத் தெருவிளக்கு மொய்க்கும் பூச்சி அது. இருபது வருடத்துக்கு முன் அவர் பிடித்ததும் தன் வீட்டுக் குளியலறை ஜன்னலில்தான். பிடித்த இடம் எழுதிய சீட்டை எரித்துவிட்டு, வேறொரு சீட்டில் மலையின் பெயரை எழுதிக் குத்தினார். அந்த இனம் எங்கெங்கே வாழ்கிறது என்று காட்டும் வரைபடத்தில் புதுப் புள்ளி வந்தது. பின்னாலேயே பதவியும் வந்தது.

மாணவி அந்தப் பூச்சியை ஊசியோடு எடுத்தாள். ஊசியில் இரண்டு சீட்டுகள் இருந்தன. இரண்டிலும் அவர் கையெழுத்து. அடிச்சீட்டின் ஓரம் கருகியிருந்தது.

அவருக்குக் காது மடல் சுட்டது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கட்டுரை திருத்தி வாங்க அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தவள், சீட்டை இரண்டு முறை படித்தாள்.

"சார்... இது உங்க வீட்டு விலாசமாச்சே?"