ஆயுசு நூறு

"பெரியப்பா சிரிச்ச மாதிரி இருக்கணும்க்கா. கீழ நான், கையெடுத்துக் கும்பிடுற மாதிரி. என் படம் கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்."

பல் குத்திக்கொண்டிருந்த குச்சியாலேயே கம்ப்யூட்டர் திரையைத் தொட்டுக் காட்டினான் கட்டட முதலாளியின் தம்பி மகன். பேனர் கடைக்காரி முகத்தைச் சுளித்தாள். துடைக்கத் துணியை எடுத்தவள், இவன் தொலைந்த பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று கீழே வைத்தாள்.

முதலாளி நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. பிள்ளை இல்லாத மனுஷன். அவருக்குப் பிறகு கட்டடம் இவன் கைக்குத்தான் வரும். வந்த மறுநாளே இவள் கடையோடு சேர்த்து எல்லாக் கடைகளையும் காலி செய்து இடிக்கப் போவதாக இவன் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிகிறான். பெரியவர் நல்லபடியாக எழுந்து வரவேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

அவரை வரவேற்கத்தானே பேனர் என்று நினைத்ததும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"மேல 'நூறாண்டு வாழ்க'ன்னு போட்டுடட்டுமா தம்பி?"

"வாசகமெல்லாம் கடைசியில பார்த்துக்கலாம். முதல்ல என் மீசையைக் கறுப்பாக்குங்க."

"தேதி?"

"அந்த இடத்தைக் காலியா விடுங்க. டாக்டருங்களுக்கே தெரியல."

பெரியவர் படம் ஓரமாக ஒடுங்கிக் கிடக்க, இவன் முகம் பேனர் முழுக்க வழிந்தது. சீ, இதிலுமா தன் பவிசைக் காட்டவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மீசைக்கு மை தீட்டினாள்.

அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவன் துள்ளி எழுந்தான்.

"பெரியப்பா! உங்களுக்கு ஆயுசு நூறு! இப்பதான் உங்களைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன். என்னது, நாளைக்கே வீட்டுக்கு அனுப்புறாங்களா? ரொம்ப சந்தோஷம் பெரியப்பா. நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்!"

பேச்சில் தேன் ஒழுகியது. எவ்வளவு கேடுகெட்டவனாக இருந்தாலும் ரத்த பாசம் விட்டுப் போகுமா என்று அவளுக்கு அவன்மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப இன்னைக்கே பிரிண்ட் போட்டுடவா தம்பி?"

போனைச் சட்டைப் பையில் திணித்தவன், வாசல் பக்கம் எட்டிக் காறித் துப்பினான்.

"பேனர் வேணாம்க்கா. அவருதான் பொழைச்சுட்டாரே!"