பொய் கலக்காத நோட்டீஸ்

ஈப்போவில் இரும்புக் கிரில் செய்து விற்ற பழனியப்பனுக்கு ஒரே ஒரு மனக்குறை. ஊரில் திருடர்கள் போதவில்லை.

அது எழுபத்தெட்டாம் ஆண்டு. செமோர் பக்கம் புதிதாக ஒரு தாமான் குடியிருப்பு எழும்பியிருந்தது. துண்டாடி விற்கப்பட்ட ரப்பர் தோட்டங்களின் லயத்து வீடுகளை விட்டுவிட்டு, ஃபேக்டரி வேலைக்கு வந்த சனங்கள்தான் அங்கே பாதி. உருவினால் கையோடு வந்துவிடும் கண்ணாடிப் பட்டைகள்தான் சன்னலுக்கு. ஆனாலும் ஒருவரும் கிரில் போடவில்லை. “நம்ம வீட்ல என்ன இருக்கு, திருடன் வர?” என்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நிறுத்த ஒரு நோட்டீஸ் வேண்டும் என்று பழனியப்பன் ஸ்கந்தராஜாவிடம் சொல்லியனுப்பினார்.

ஸ்கந்தராஜா யாழ்ப்பாணத்து வம்சாவளி. அரசாங்க அலுவலகத்தில் சீஃப் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர்களுக்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுப்பார். அவர் எழுத்தில் பொய் இருக்காது. அதனால் வாடிக்கையாளர்களும் இல்லை. கூந்தல் தைலக்காரர் ஒருவருக்கு, ‘முடி வளர்வது நிச்சயமில்லை, வாசனை நிச்சயம்’ என்று எழுதிக் கொடுத்தார். அந்த மனிதர் இப்போது தைலம் விற்பதில்லை. மிஞ்சியிருந்த ஒரே வாடிக்கை பழனியப்பன்தான்.

ஸ்கந்தராஜா எழுதி எடுத்து வந்ததைப் பழனியப்பன் வாய்விட்டுப் படித்தார். “எங்கள் கிரில் உறுதியானது. சாயம் பூசாவிட்டால் துருப்பிடிக்கும். உங்களுக்குத் தேவைதானா என்று யோசித்து வாங்கவும்...”

தாளைக் கீழே வைத்தார். “அலாமாக்! ஐயா, நான் கிரில் விக்கவா, இல்ல, வேணாம்னு சொல்லி அனுப்பவா?”

“வாங்கிறவன் ரெண்டு பக்கமும் தெரிஞ்சு வாங்க வேணும், பழனியப்பன். அதுதான் நேர்மையான வியாபாரம்.”

“நேர்மையை வச்சு வெல்டிங் பண்ண முடியாதுலா. ஆளு பயந்தாத்தான் வாங்குவான். ‘போன வாரம் உங்க தாமான்ல மூணு வீட்ல திருட்டு’ன்னு போடுங்க.”

“அப்பிடி ஒரு வீட்டிலையும் நடக்கேல்லையே!”

“யாரு போயி எண்ணிப் பாக்கப் போறா?”

“நான் பார்ப்பன். பொய்யைச் சொல்லி ஆக்களை வெருட்ட என்னால ஏலாது.”

பழனியப்பன் குரலைத் தாழ்த்தினார். “சரி ஐயா. நாளைக்கே நெசமா நடந்துட்டா? அப்ப எழுதுவீங்களா?”

“உண்மையெண்டால் எழுதாமல் என்ன?”

“அப்ப அடுத்த வாரம் பாப்போம். இல்லேன்னா கமுந்திங்ல ஒருத்தன் இருக்கான். கேட்டதெல்லாம் எழுதித் தருவான்.” பழனியப்பன் சிரித்தார். பார்க்க அவ்வளவு நன்றாக இல்லாத சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை அவர் மோட்டார் சைக்கிளில் தாமானுக்குப் போனார். வீட்டுக்கு வீடு நின்று சன்னல்களை நோட்டம் விட்டார். எந்த வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போகிறார்கள், யார் வெளியூர் போயிருக்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாக விசாரித்தும் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே தாமானில் திருட்டு நடந்தது. முத்தம்மா வீட்டில் ரேடியோ போயிற்று. சீனி வீட்டில் இஸ்திரிப் பெட்டி. கண்ணாடிப் பட்டைகளை உருவி, ஒன்றுகூட உடையாமல் சுவரோரம் அடுக்கிவிட்டு உள்ளே போயிருந்தான் திருடன்.

வாரம் முடிந்ததும் நோட்டீஸ் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. ‘சென்ற வாரம் உங்கள் தாமானில் மூன்று வீடுகளில் திருட்டு!’

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கடையில் கூட்டம் நெரிந்தது. ரேடியோவைப் பறிகொடுத்த முத்தம்மாதான் முதல் ஆளாக வந்து கிரிலுக்குச் சொல்லிவிட்டுப் போனாள். “எழுதினா இப்படில்ல எழுதணும், ஐயா!” என்று பழனியப்பன் ஸ்கந்தராஜாவுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து உபசரித்தார்.

கோப்பி ஆறுவதற்குள் போலீஸ் சார்ஜன்ட் ஐயாவு கையில் நோட்டீசோடு கடைக்குள் நுழைந்தார்.

“பழனி அண்ணே, நோட்டீசு ரொம்ப நல்லாருக்கு. எத்தனை வீடுன்னு போட்டிருக்கீங்க?”

“மூணு.”

“எங்களுக்கு வந்த ரிப்போர்ட்டு ரெண்டுதான். மூணாவது இருளாயி அக்கா வீடு. பினாங்குல மக வீட்டுக்குப் போயிருந்தவங்க, இன்னிக்குக் காலையிலதான் வந்து கதவைத் தொறந்தாங்க. சுவர்க் கடிகாரம் காணோம்னு அப்பதான் அவங்களுக்கே தெரியும். உங்க நோட்டீசுக்கு மட்டும் முன்னாடியே எப்படித் தெரிஞ்சுச்சு?”

பழனியப்பனின் முகம் துருப்பிடித்தது. “சத்தியமா நான் இல்ல! சன்னல் அளவு பாக்கத்தான் அங்க போனேன்!”

“யாரு ஊர்ல இல்லன்னு விசாரிச்சதும் அளவு பாக்கத்தானா?” ஐயாவு விலங்கை எடுத்தார்.

“யாவாரம் பேசப் போனா வீட்ல ஆளு இருக்கணும்லா, அதுக்குத்தான் கேட்டேன்! மூணுன்னது சும்மா வாயில வந்தது. ஐயா, நீங்களாவது சொல்லுங்க!”

ஐயாவு ஸ்கந்தராஜா பக்கம் திரும்பினார். குரலில் மரியாதை கூடியது. “ஐயா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். இந்த மூணு வீட்டுக் கணக்கை உங்களுக்குச் சொன்னது இவருதானே?”

“ஓம், அவர்தான் சொன்னவர்.”

பழனியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். கையில் விலங்கு ஏறியது.

“ஆனால் அவர் சொன்ன நேரம் அது சுத்தப் பொய். பாதி உண்மையைச் சொல்லி ஒரு ஆளை மாட்டிவிடக் கூடாது,” என்றார் ஸ்கந்தராஜா. எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, தன் இரண்டு கைகளையும் சார்ஜன்டிடம் நீட்டினார்.

“பொய் எழுத எனக்கு மனம் வரேல்லை, சார்ஜன்ட். அதுதான் மூண்டு வீட்டுக்கும் நானே போய்வந்திட்டு எழுதினனான்.”