கொட்டாங்கச்சிக் கப்பல்

"வேணும்னே படிக்கிறான்டி. நம்ம வயித்தெரிச்சலைக் கொட்டிக்கத்தான் இவ்ளோ சத்தம்."

தசரதன் பல்லைக் கடித்தான். மண்சுவருக்கு அந்தப் பக்கம் சம்பத்தின் குரல் கணீரென்று கேட்டது.

"மூஞ்சூறு வீரன் தன் கொட்டாங்கச்சிக் கப்பலைக் கடலில் தள்ளினான். 'நாகராஜன் கொண்டுபோன மணியை மீட்காமல் வளைக்குத் திரும்ப மாட்டேன்' என்று சொல்லி மீசையை முறுக்கினான்..."

இந்தப் பக்கம், சுவரோரம் வேப்பிலைப் படுக்கையில் தாட்சாயிணி கிடந்தாள். ஒன்பது வயசு. உடம்பெல்லாம் அம்மை முத்து. கண் திறக்க முடியவில்லை. தலைமாட்டுச் சுவரிலும் தாய் பொன்னம்மாள் வேப்பிலைக் கொத்து சொருகியிருந்தாள்.

மகளின் உதடு லேசாகச் சிரித்தது.

"மூஞ்சூறு மீசைய முறுக்குதாம் நைனா."

"பேசாம தூங்கும்மா."

"கப்பல் திரும்பி ஊடு வந்து சேருமா நைனா?"

"எனுக்கு எப்பிடிம்மா தெரியும்? படிச்சவனைத்தான் கேக்கணும்."

படிச்சவன் சம்பத் வேறு யாருமில்லை. சித்தப்பா மகன். ஆவடியில் பட்டாளத்துக்குக் கட்டடம் எழும்பத் தொடங்கிய வருஷம் பாகம் பிரித்தார்கள். கிணறு சம்பத் பக்கம் விழுந்தது. அன்றைக்கே முற்றத்தின் நடுவே தசரதன் சுவர் எழுப்பினான். வாசலையும் பின்தெருப் பக்கம் திருப்பிக்கொண்டான். பொன்னம்மாள் ஏரிக்குக் குடம் தூக்கினாலும் பரவாயில்லை, அந்த வாசல் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று இருந்துவிட்டான்.

"நாலு கிளாஸ் படிச்சுட்டான்னு காட்டிக்கிறான். எம்புள்ள இங்க துடிக்குது, அவன் புள்ளைங்களுக்கு அங்க கதையாம் கதை! இரு, நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

பொன்னம்மாள் மறித்தாள்.

"அம்மா எறங்கிக்கீற ஊடுய்யா. சண்டை போட்டா அவ மனசு நோவும்."

"அந்தத் தைரியம்தான் அவனுக்கு."

தாட்சாயிணிக்கு இருமல் வந்தது. அந்தப் பக்கம் குரல் நின்றது. இருமல் அடங்கியதும் மறுபடி தொடங்கியது.

"மூச்சு வாங்குது பாரு தொரைக்கு. புள்ளைங்க ஒண்ணாவது வாயத் தொறக்குதா? அடிச்சி அடக்கி வச்சிக்கீறான்."

பொன்னம்மாள் அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் மோர்க் குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றாடம் விளக்கு வைத்ததும் கப்பல் நகர்ந்தது. ஒருநாள் சுறாவின் வயிற்றுக்குள் போய் மீண்டது. ஒருநாள் நண்டு ராஜ்ஜியத்தில் விருந்து. கஞ்சி இறங்காத பிள்ளை, பொழுது சாய்ந்தால் போதும், "விளக்கு வச்சாச்சாம்மா?" என்று கேட்டாள்.

மூஞ்சூறு மணியை மீட்டுவிட்டது. திரும்புகிற வழியில் புயல். கொட்டாங்கச்சியில் விரிசல். "மீதி நாளைக்கு" என்றது சுவருக்கு அந்தப்பக்கக் குரல்.

"நாளைக்கு ஊடு வந்துடுமில்ல நைனா?"

தசரதன் மகளின் பக்கத்தில் குந்தினான்.

"வந்துடும்மா. கட்டாயம் வந்துடும்."

விடிவதற்குள் அம்மா அவளை அழைத்துக்கொண்டாள்.

ஏரிக்கரையில் புதைத்தார்கள். எத்தனை பகை இருந்தாலும் பங்காளிக்குத் தீட்டு உண்டே, சம்பத் வந்தான். தள்ளி நின்றான். ஒரு பிடி மண் போட்டான். தசரதன் ஏறிட்டும் பார்க்கவில்லை.

அன்றைக்கு விளக்கு வைத்த பிறகும் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. மறுநாளும் இல்லை. இத்தனை நாள் காதை அறுத்த குரல், இல்லாமல் போய் இன்னும் அறுத்தது.

"துக்கம் காக்கிறானாம் தொரை" என்றான் தசரதன்.

பொன்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"கப்பல் வந்துச்சான்னு கேட்டுகினே போயிட்டாளேய்யா..."

 தசரதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். தெருவைச் சுற்றிப் போய், சுவர் வைத்த நாளிலிருந்து மிதிக்காத வாசலை மிதித்தான்.

சம்பத் கதவைத் திறந்தான். தாடி மண்டிய முகம்.

"வா அண்ணாத்தே. உள்ள வா."

"உக்காரத்துக்கு வரல. அந்த எலிக்கதை... கடைசியில இன்னா ஆச்சு? கப்பல் ஊடு வந்துச்சா?"

"தெரியல அண்ணாத்தே."

"இன்னாடா தெரியல? புஸ்தகம் உங்கிட்டதானே கீது?"

"கீது. அதுக்கு மேல புரட்ட மனசு வரல."

"உம்புள்ளைங்க சும்மாவா உட்டுச்சுங்க? கூப்புடு, அதுங்களையே கேட்டுக்கறேன்."

சம்பத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதுங்க எங்க கீதுங்க? உன் ஊட்ல வேப்பிலை கட்டின அன்னிக்கே அதுங்களையும் அவளையும் மாங்காட்டுக்கு அனுப்பிட்டேன், மாமியார் ஊட்டுக்கு."

தசரதன் வாசற்படி ஏறினான். உள்ளே எட்டிப் பார்த்தான். கூடத்தில் ஒரே பாய். கவிழ்த்து வைத்த ஒரே தட்டு.

"அப்போ... இத்தினி நாளா யாருக்குடா படிச்சே?"

சம்பத் முற்றத்துப் பக்கம் திரும்பினான்.

முற்றத்தில், மண்சுவரை ஒட்டி ஒரு முக்காலி கிடந்தது. அதன்மேல் விரித்தபடியே கவிழ்த்த புத்தகம். உட்கார்ந்தால் வாய்க்கு எட்டுகிற உயரத்தில், சுவரில் கை நுழைகிற அளவுக்கு மண் பெயர்த்த ஒரு துளை.

அந்தத் துளைக்குள்ளிருந்து, மகளின் தலைமாட்டில் பொன்னம்மாள் சொருகிய வேப்பிலைக் கொத்து, காய்ந்துபோய் எட்டிப் பார்த்தது.