மொட்டை மாடி பூஸ்டர்

"டவரையே முழுங்கிட்டியே அப்பாசாமி, ஏப்பமாவது விட்டியா?"

டீக்கடை பலராமன் கேட்டதும் கூட்டம் சிரித்தது. அப்பாசாமி தன் வீட்டு வாசலிலேயே விருந்தாளி மாதிரி ஓரமாக நின்றார்.

அடி அண்ணாமலையில் அந்தத் தெருவில் ஒரு மாதமாகச் செல்போன் சரியாக வேலை செய்யவில்லை. சிக்னல் வருமா என்று ஆளாளுக்குப் போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். கிரிவலம் வந்த வெளியூர்க்காரர்கள் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, தாங்களும் போனைத் தூக்கிக்கொண்டே மலையைச் சுற்றினார்கள். பொய் இல்லை. எந்தக் கையால் பிடிக்க வேண்டும் என்று ஒருத்தர் என்னிடமே விசாரித்தார்.

அதோடு போயிருந்தால் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். கிரிவலப் பாதையில் புதிதாக நட்ட கேமரா கம்பங்களும் அதே டவரை நம்பித்தான் நின்றன. கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் அமுக்குகிற அவசர பட்டன்கூட அந்தப் பக்கம் ஊமையாகிவிட்டது. பௌர்ணமி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கேமராத் திட்டத்தின் இன்ஜினியர் மதிவதனி வேங்கிக்கால் ஆபீசிலிருந்து வந்து இறங்கினாள். மீன் முள் மாதிரி ஒரு ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, சிக்னலைக் கெடுப்பது எது என்று தேடித் தெருத்தெருவாக நடந்தாள்.

"அப்படியே எங்க கொல்லையில தண்ணி ஓடுதான்னு பாத்துச் சொல்லும்மா" என்று நடுவில் இரண்டு பேர் கூப்பிட்டுவிட்டார்கள்.

கடைசியில் மீன் முள் அப்பாசாமி வீட்டு மொட்டை மாடியைக் காட்டியது. அங்கே ஒரு பூஸ்டர். டவர் சிக்னலை இழுத்துப் பெரிதாக்கித் தருகிற பெட்டி. அனுமதி இல்லாமல் வைக்கவே கூடாது.

பக்கத்து வீட்டு ராணியம்மாள் மதில் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"தான் ஒருத்தன் பேசணும்னு ஊர் வாயையே அடைச்சிட்டான் பாரு. இப்படியும் ஒரு மனுஷனா?"

"உனக்கு என்னக்கா, உன் வீட்ல மட்டும் லைன் கிடைக்குதாமே" என்றார் பலராமன்.

"அது அண்ணாமலையார் புண்ணியம். மஸ்கட்ல இருந்து என் பொண்ணு கீதாஞ்சலி தினம் வீடியோவுல வந்துட்றா. நான் மத்தவங்களுக்காகத்தான் கத்தறேன். அந்தப் பெட்டியைப் பிடுங்கிப் போடும்மா."

இரண்டு வீட்டுக்கும் பல வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. சண்டை எதனால் வந்தது என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோய், சண்டையை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

"இன்னைக்கு சாயந்திரம் வரைக்கும் விட்டுடும்மா. அப்புறம் நானே கழட்டிட்றேன்" என்றார் அப்பாசாமி.

"பாத்தியா, இன்னும் ஆசை போகல" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

மதிவதனி மாடி ஏறினாள். அப்பாசாமி பின்னாலேயே போனார்.

மாடியில் இரண்டு ஆன்டெனாக்கள் கைக்கெட்டும் தூரத்தில் பக்கம் பக்கமாக நின்றன. மதிவதனி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயா, மைக்கை ஸ்பீக்கர் முன்னாடி கொண்டுபோனா கூவும் இல்ல? உங்க பெட்டி அப்படித்தான் கூவிட்டிருக்கு. அந்தச் சத்தத்துல டவருக்கு வேற எதுவும் காதுல விழல. ரெண்டாவது ஆன்டெனாவை வீட்டுக்குள்ள இல்ல வைக்கணும்?"

"கடைக்காரனும் அப்படித்தான் சொன்னான்."

"அப்புறம் ஏன் மாடியிலேயே வச்சீங்க?"

"அந்த வீட்டுக்குள்ள நான் போக முடியாதேம்மா."

மதிவதனி அப்போதுதான் கவனித்தாள். இரண்டாவது ஆன்டெனா ராணியம்மாள் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பாசாமி குரலைத் தணித்துக்கொண்டார். "அவங்க வீடு பள்ளத்துல இருக்குது. பொண்ணு முகத்தைப் பாக்கறதுக்காக தினம் மெயின் ரோடு வரைக்கும் முட்டியைப் புடிச்சிக்கிட்டு நடந்தாங்க. பாக்க சகிக்கல. ஊருக்குத் தொந்தரவாகும்னு சத்தியமா தெரியாதும்மா. இன்னைக்கு அந்தப் பொண்ணுக்குப் பொறந்த நாளு, அதான் சாயந்திரம் வரைக்கும் கேட்டேன். அவங்களுக்கு மட்டும் சொல்லிடாத. தெரிஞ்சா போனையே தூக்கி எறிஞ்சிடுவாங்க."

மதிவதனி பெட்டியை அணைத்துவிட்டு ஆபீசுக்குப் பேசினாள். கீழே பாதையில் கம்பங்களின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. தெருமுனைக் கம்பத்தில் முறையான சின்ன ஆன்டெனா ஒன்றைப் பள்ளத்தைப் பார்த்து மாட்டச் சொன்னாள்.

"சாயந்திரத்துக்குள்ள மாட்டிடுவாங்க ஐயா. எல்லா வீட்டுக்கும் கிடைக்கும். உங்க விஷயம் என்னோட இருக்கும்."

அவள் பூஸ்டரோடு தெருவில் இறங்கியபோது கூட்டம் அவரவர் போனில் மூழ்கிக் கலைந்திருந்தது. ராணியம்மாள் மட்டும் வாசலில் நின்றாள்.

"வெயில்ல அலைஞ்சிருக்க. உள்ள வந்து ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போம்மா."

சமையல்கட்டுக்குள் போனதும் ராணியம்மாள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"அந்த மனுஷன் மேல கேஸு, ஃபைனுன்னு எதுவும் போட்டுடாதம்மா."

மதிவதனிக்குக் குழப்பமாக இருந்தது. "இப்பதானே அவரை அந்தத் திட்டு திட்டினீங்க?"

"திட்டலன்னா, எனக்கு விஷயம் தெரிஞ்சிபோச்சுன்னு கண்டுபிடிச்சிடுவாரே."

"என்ன விஷயம்?"

ராணியம்மாள் மோர் டம்ளரை அவள் கையில் வைத்தாள்.

"அவருகிட்ட போனே கிடையாதும்மா. பெட்டி யாருக்குன்னு எனக்குத் தெரியாதா?"